சிரிப்புப் படமும் புத்தகமும் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் பாதிக்கு மேல் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். வலை சரிபார்க்கிற வேலை போக மிச்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் படம் இருக்கா?"

படத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. தேடுகிற விதத்தில்தான் கோளாறு.

மூன்று நிமிடக் காட்சியைப் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் தேர்ந்தெடுப்பது, நான் பார்த்தவரை, எல்லாவற்றிலும் பெரிய தவறு. தமிழ் சினிமாவில் ரொம்ப காலம் கதை ஒரு பக்கம், காமெடி டிராக் ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதினார்கள். 1989-இல் வந்த 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காமெடியை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டமணி, செந்திலுக்கு அந்தப் பகுதியை எழுதியவர் வீரப்பன். அதைத் தனியாக வெட்டிப் பார்த்தாலும் ஒரு குறையும் இல்லை. கதையே தெரியாமல் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பே இரண்டரை மணி நேரமும் வரும் என்று நம்பி உட்கார்ந்தால், நடுவில் காதல், பகை, தீமிதி என்று படம் வேறு வழியில் போகும். அது நல்ல படம்தான். நீங்கள் தேடி வந்தது அது இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வகைப் படத்தில் கதையே காமெடி. 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் மகனாக வரும் நாகேஷ் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் இடம் எல்லாருக்கும் தெரியும். படம் எடுக்கப் பணம் கேட்டு அந்த மகன் அப்பாவை எவ்வளவு நச்சரித்தான் என்று பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு வந்தால்தான் பாலையா முகத்தில் ஓடுகிற பயத்துக்கு முழு விலை கிடைக்கும். 'மைக்கேல் மதன காம ராஜ'னிலும் (1990) இதே சங்கதிதான். கல்யாணச் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடுகிற காட்சியை மட்டும் நம் கரையோரப் பிள்ளை ஒன்றுக்குப் போட்டுக் காட்டினால், "மீன் விழுந்தா நல்லதுதானே, ருசி கூடும்ல?" என்று கேட்கும். நியாயமான கேள்வி! சமைக்கிற காமேஸ்வரன் யார், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதைப் படம் முன்பே சொல்லி வைத்திருக்கிறது. அது தெரியாமல் அந்தத் தவிப்பு புரியாது. இந்த மாதிரிப் படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துத் தீர்த்துவிட்டால், பிறகு முழுசாகப் பார்க்கிற சுகம் போய்விடும்.

அதனால் யாராவது ஒரு படத்தைச் சொன்னால், "எந்த இடத்துல சிரிச்சீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். துபாயிலிருந்து மச்சான் "செம படம், கண்டிப்பாப் பாரு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதில் தகவல் எதுவும் இல்லை. ஒரே ஒரு காட்சியைத்தான் அவரால் சொல்ல முடிகிறது என்றால் அது டிராக் படம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தால், அன்று ராத்திரியே போட்டுவிடலாம்.

கேலிப்படங்களில் ஒரு கண்ணி உண்டு. 2010-இல் வந்த 'தமிழ்ப் படம்' பழைய வெற்றிப் படங்களைக் கிண்டல் செய்வது. மூலத்தைப் பார்க்காத பத்து வயசுப் பிள்ளையோடு உட்கார்ந்தால் நீங்கள் சிரிக்க, அது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்பு வெள்ளை என்றதும் ஒதுக்குவதும் நஷ்டம். 1941-இல் வந்த 'சபாபதி'யில் முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. யார் பெரிய மண்டு என்பதில்தான் போட்டி. அதற்காகப் பழசெல்லாம் பொன் என்றும் சொல்ல மாட்டேன். நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்த கேலிகள் பல இன்று முகம் சுளிக்கத்தான் வைக்கின்றன. அதைத் தள்ளிவிட்டுப் போவதில் தப்பே இல்லை.

சரி, புத்தகத்துக்கு வருவோம். இங்கே நடக்கிற தவறு, அளவு தெரியாமல் வாசிப்பது. தேவனின் துப்பறியும் சாம்பு கதைகள் ஆனந்த விகடனில் வந்தவை. அசட்டுச் சாம்பு உளறுவான், தற்செயலாக அதுவே துப்பாகிவிடும். பத்திரிகையில் இடைவெளி விட்டுப் படித்தவர்களுக்கு அது விருந்து. இன்று மொத்தமாக ஒரே மூச்சில் படித்தால் ஐந்தாவது கதையில், "இப்ப இதுவும் சரியா வந்துடும் பாரு" என்று தோன்றிவிடும். ராத்திரிக்கு ஒரு கதை போதும்.

அட்டையில் 'நகைச்சுவை' என்று போட்டிருந்தால்தான் சிரிப்பு வரும் என்பதும் இல்லை. புதுமைப்பித்தனை சோக எழுத்தாளர் என்று தள்ளி வைத்திருப்பவர்கள் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படிக்க வேண்டும். சென்னைக்கு வந்து மாட்டிக்கொண்ட கடவுளுக்கே பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகையின் சந்தாவைத் தள்ளப் பார்ப்பார். ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்று பேச்சு போகும். சாமி பெயரைச் சொல்லி நடக்கிற வியாபாரத்தை தினமும் பார்க்கிற ராமேசுவரத்துக்காரருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமையானது. மதுரைத் திட்டம் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

மொழிபெயர்ப்பில் சிரிப்பு செத்துவிடும் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. தூர தேசத்து எழுத்துக்கு அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். மலையாளத்திலிருந்து குளச்சல் மு. யூசுப் தமிழாக்கிய வைக்கம் முகம்மது பஷீர் கதைகளுக்கு அது பொருந்தாது. 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலில் (உப்பப்பா என்றால் தாத்தா) ஓர் உம்மா, தன் வாப்பாவிடம் இருந்த ஆனையைப் பற்றி ஓயாமல் பீற்றிக்கொள்கிறார். "எங்க பாட்டனாருக்குக் கப்பல் ஓடுச்சு" என்று தொடங்கும் பேச்சைக் கீழக்கரைத் திண்ணைகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தப் புத்தகத்துக்கு மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அது எப்பேர்ப்பட்ட ஆனை என்பது அங்கேதான் இருக்கிறது.