யானோஸ் சமவெளிக்குப் பயணம்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலம்பியாவின் கிழக்கே, ஆண்டிஸ் மலையடிவாரத்தில் தொடங்கி ஒரினோகோ ஆற்றை நோக்கி விரிந்து, வெனிசுவேலாவுக்குள்ளும் நீண்டு கிடக்கும் புல்வெளியை யானோஸ் என்று அழைக்கிறார்கள். குதிரையேறி மாடு மேய்ப்பதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட யானேரோக்களின் நிலம் அது. அங்கே செல்ல விரும்புவோரில் பலர் மலிவாகக் கிடைக்கும் தேதிக்கு விமானச் சீட்டை வாங்கிவிட்டு, அதன் பிறகுதான் அங்கே என்ன பார்க்கலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். தவறுகளில் பாதி இந்த வரிசையிலிருந்தே பிறக்கின்றன. யானோஸில் எதைப் பார்க்க முடியும், எந்த வழியாகப் போக முடியும், குதிரையில் செல்வதா படகில் செல்வதா என்பதையெல்லாம் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

ஏறக்குறைய டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வறண்ட காலம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மழைக்காலம். மழைக்காலத்தின் நடுவில் கசனாரே, அராவ்கா மாகாணங்களின் தாழ்வான புல்வெளிகள் பல மாதங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும். சற்றே மேடான திட்டுகளில் மரங்களும் பண்ணை வீடுகளும் மட்டும் தலைகாட்டும். வறண்ட மாதங்களில் நீர் ஒடுங்க ஒடுங்க, கேப்பிபரா எனும் பெரிய கொறிவிலங்கு, கெய்மன் முதலை, அனகோண்டா, செந்நிற அரிவாள்மூக்கன், ஜபிரு நாரை எனப் பலவும் மிஞ்சிய குட்டைகளைச் சுற்றித் திரள்கின்றன. காட்டுயிர்களைக் காண்பதே நோக்கமென்றால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனால் வறட்சி எப்போதும் காட்சிக்கு உகந்ததாக அமைந்துவிடாது. 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் கசனாரேயின் பாஸ் தே அரிப்போரோ பகுதியில் குட்டைகள் அடியோடு வற்றி, கேப்பிபராக்களும் கால்நடைகளும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. ஆகவே வறண்ட காலத்தின் கடைசி வாரங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்த ஆண்டின் நிலைமை எப்படி என்று தாம் தங்கப்போகும் பண்ணையின் உரிமையாளரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையொட்டிய இன்னொரு தவறு, காட்டுயிர்ப் பயணத்தையும் கானோ கிறிஸ்தாலெஸ் ஆற்றையும் ஒரே பயணத்தில் சேர்க்க முயல்வது. ஆற்றின் அடியில் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் படரும் நீர்த்தாவரத்தின் புகைப்படங்களைப் பார்த்தே பலருக்கு யானோஸ் மீது ஆசை வருகிறது. அந்தத் தாவரம் செழிப்பது மழைக்காலத்தில். பொதுவாக ஜூன் முதல் நவம்பர் வரைதான் அங்கே பயணிகளை அனுமதிக்கிறார்கள். ஜனவரியில் கசனாரேக்குப் போகிறவர் அந்த நிறத்தைப் பார்க்க இயலாது. இடமும் வேறு: கானோ கிறிஸ்தாலெஸ் மெத்தா மாகாணத்தின் தென்கோடியில் லா மகரேனா ஊரருகே உள்ளது, பெரும்பாலோர் அங்கே விமானத்தில்தான் செல்கிறார்கள். அந்த ஆற்றில் இறங்குபவர்கள் வெயில் களிம்பும் கொசுவிரட்டியும் பூசிக்கொள்ளக் கூடாது என்பதால், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் இல்லாமல் போகிறவர்கள் தோல் கருகித் திரும்புகிறார்கள். இரண்டையும் பார்த்தே ஆக வேண்டுமென்றால், இரு வேறு பயணங்களாக வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதும் ஏமாற்றும். தலைநகர் பொகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யானோஸின் வாசலெனச் சொல்லப்படும் வியாவிசென்சியோ நகரம் அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான் என்றாலும், மலையைக் குடைந்தும் வளைந்தும் இறங்கும் அந்தச் சாலையை மண்சரிவு அடிக்கடி மறிக்கிறது. 2019இல் ஒரு சரிவு அந்தச் சாலையைச் சில மாதங்கள் மூடவைத்தது. கசனாரேயின் தலைநகரான யோபலுக்குப் பொகோட்டாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். சாலை வழியென்றால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். யோபலிலிருந்து ஆத்தோ எனப்படும் பெரும் பண்ணைகளுக்குச் செல்வது தனிக்கதை. தார்ச்சாலை முடிந்து, பிறகு செம்மண் பாதையும் முடிந்து, கடைசியில் புல்வெளியில் பதிந்த டயர்த் தடங்களே வழியாகும். அதில் வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் செல்லத் துணிவது வீண். பண்ணையிலிருந்தே நான்கு சக்கர இயக்க வண்டியை அனுப்புவார்கள். அதற்கான கட்டணம் தங்கும் செலவில் அடங்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் ஒரே பச்சையாகத் தெரிவதால் யானோஸ் முழுவதும் ஒன்றுபோலப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. வெனிசுவேலா எல்லையை ஒட்டிய அராவ்காவில் ஆயுதக் குழுக்களின் மோதல் நீடித்து வருகிறது. மெத்தா, விச்சாதா மாகாணங்களிலும் சில உட்பகுதிகளைத் தவிர்க்கும்படி அரசுகள் அறிவுறுத்துவது வழக்கம். இந்தக் கண்ணோட்டத்தில் கசனாரேயின் பண்ணைகள் முதல்முறை செல்வோருக்குப் பொருத்தமானவை. பயணக் காப்பீடு எடுக்கும்போது, அரசின் எச்சரிக்கைக்கு உட்பட்ட பகுதிகளுக்கு அது செல்லுபடியாகுமா என்று பார்ப்பவர்கள் குறைவு, பெரும்பாலும் செல்லுபடியாகாது. எல்லை ஆற்றைக் கடந்து வெனிசுவேலாப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்து வரலாம் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

யானேரோக்களின் வாழ்க்கையைக் குறித்த நேரத்தில் நடக்கும் கலைநிகழ்ச்சியாக எதிர்பார்த்துப் போவது, என் கருத்தில், எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. யாழ், குவாத்ரோ எனும் நான்கு தந்திக் கருவி, மராக்கா எனும் குலுக்கி ஒலிக்கும் கருவி ஆகியவற்றோடு பாடப்படும் ஹொரோப்போ இசையை வியாவிசென்சியோவின் உணவகத்திலேயே கேட்டுவிடலாம். பண்ணையில் மட்டுமே கிடைப்பது வேறொன்று. விடியலுக்கு முன், கறுப்புக் காப்பி குடித்த கையோடு, பால் கறப்பவர் தொழுவத்தில் நின்று ஒரு பசுவின் பெயரைச் சொல்லிப் பாடுவார். அந்தக் குரலுக்குப் பசு நகர்ந்து வரும். அடைத்து வைத்திருக்கும் கன்றைத் திறந்துவிட்டால் அது ஓடிவந்து முட்டிக் குடிக்கும். பால் சுரந்ததும் கன்றைத் தாயின் முன்னங்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, பாட்டை நிறுத்தாமலே கறக்கத் தொடங்குவார். கன்றை ஊட்டவிட்டுக் கறக்கும் நம் ஊர்த் தொழுவத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஏதோ தெரிந்த வேலையாகவே படும். மந்தையை ஓட்டிச் செல்ல ஒரு வகைப் பாட்டு, இரவில் மாடுகள் மிரளாமலிருக்கக் காவலர்கள் பாட இன்னொரு வகை என்று தொழிலுக்கேற்ற பாடல்கள் உண்டு. கொலம்பியாவும் வெனிசுவேலாவும் சேர்ந்து முன்மொழிந்த இந்தத் தொழிற்பாடல்களை, உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2017இல் சேர்த்தது. மந்தைகளை நடத்திச் செல்வதற்குப் பதில் லாரியில் ஏற்றிச் செல்லும் பழக்கம் வந்ததும் அவை அருகியதற்கு ஒரு காரணம். காலை எட்டு மணிக்கு எழுந்து சிற்றுண்டிக்கு வருகிறவருக்கு இவற்றில் எதுவும் காதில் விழாது. பண்ணையை முடிவு செய்யும்போது, அங்கே கால்நடை வேலை உண்மையில் நடக்கிறதா, மந்தையைச் சேர்த்துச் சூடுபோடும் பணி எந்த மாதத்தில் வருகிறது, விருந்தினர் உடன் செல்ல அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஒரே இடத்தில் மூன்று, நான்கு இரவுகள் தங்குவது, நான்கு இடங்களில் ஓரிரவு தங்குவதைவிட நல்லது.

குதிரையேற்றத்தில் தமக்கிருக்கும் பழக்கத்தை மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். மாடு விரட்டப் பழக்கிய குதிரை, ஓடும் மாட்டைக் கண்டால் சவாரி செய்பவரின் உத்தரவுக்குக் காத்திராமல் திரும்பும். கடற்கரையில் கயிறு பிடித்து நடத்திய குதிரையில் உட்கார்ந்த அனுபவத்தை இங்கே அனுபவமாகக் கொள்ள இயலாது. உடல் எடையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்குள்ள குதிரைகள் உருவத்தில் சிறியவை. முழுக்கால் சட்டை, தாடையில் கட்டும் நாடா உள்ள தொப்பி, மழைக்காலமென்றால் ரப்பர் பூட்ஸ் ஆகியவை தேவை.

உணவைப் பற்றிப் பேசாமல் புறப்படுவது தமிழ்நாட்டுப் பயணிகளைத்தான் அதிகம் வாட்டும். யானோஸின் பெருமைக்குரிய உணவு மமோனா. இளங்கன்றின் இறைச்சியைக் கம்புகளில் கோத்து, விறகு நெருப்பைச் சுற்றி நட்டுப் பல மணி நேரம் வாட்டுவார்கள். மூன்று வேளையும் மாட்டிறைச்சி வருவது அங்கே இயல்பு. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் கோழி வரக்கூடும். ஆகவே மாடு, கோழி, மீன், இறைச்சிச் சாறு என எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை ஒவ்வொன்றாக ஸ்பானிய மொழியில் எழுதி, முன்பதிவின்போதே அனுப்பிவிடுங்கள். சோறு, முட்டை, பாலாடைக்கட்டி, வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கும். கையில் ஒரு பொட்டலம் பருப்புப் பொடி இருந்தால் கவலையே இல்லை.

வழிகாட்டி அனகோண்டாவைப் பிடித்துத் தூக்கிக் காட்டட்டும் என்று கேட்பதும், அவர் தாமாகவே பிடித்தால் அதை ரசித்துப் படமெடுப்பதும் தவிர்க்க வேண்டியவை. ஆறுகளில் பிரானா எனும் கடிக்கும் மீனை நினைத்து அஞ்சுபவர்கள், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை மீனை மறந்துவிடுகிறார்கள். ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் அது விலகிப் போகும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடுவது சிக்கலில் கொண்டுபோய் விடும். கொலம்பியா 2025 ஏப்ரலில் இந்நோய்க்காகச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் போதும். இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே இதைப் போடுகிறார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. முதியவர்களும், கர்ப்பிணிகளும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கொலம்பியாவிலிருந்து ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் வந்திறங்குபவரை விமான நிலையத்தில் தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஆகையால் சான்றிதழான அந்த மஞ்சள் புத்தகத்தைக் கடவுச்சீட்டோடு கைப்பையிலேயே வைத்திருங்கள்.

பண்ணைகளில் ஏடிஎம் கிடையாது. அலைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. மின்சாரம் சில இடங்களில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டுமே. கொலம்பியாவில் 110 வோல்ட் என்பதால் நம் ஊர்ச் சிறு கெட்டில் அங்கே சரியாகச் சூடேறாது. தேவையான கொலம்பியப் பணமான பெசோவை யோபலிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது, பண்ணையிலிருந்து கிளம்பும் நாளிலேயே சர்வதேச விமானத்தைப் பிடிக்கும்படி சீட்டு வாங்காதீர்கள். நடுவில் ஓர் இரவு பொகோட்டாவில் தங்குமாறு திட்டமிட்டால், ஒரு மழையோ ரத்தான விமானமோ ஊர் திரும்புவதைக் கெடுக்காது.