எல்இடி நான்கு முறை ஏறி இறங்குகிறதா? ஆர்டுயினோவில் வெளிச்சத்தைத் திருகிக் கூட்டுவது எப்படி

ஆர்டுயினோ ஊனோவில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (திருகினால் மின்தடை மாறும் குமிழ், சுருக்கமாக பாட்) திருகி எல்இடியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் போகிறோம். போர்டில் நிரல் ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வயரிங். 10 கிலோ ஓம் பாட், லீனியர் வகை. ஒலியளவுக்குப் போடும் லாக் வகை இங்கே வேண்டாம். ஓரக் கால்களில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, மற்றது கிரவுண்டுக்கு, நடுக்கால் ஏ0 பின்னுக்கு. ஓரக் கால்கள் இடம் மாறினால் திருகும் திசை மட்டும்தான் மாறும். நடுக்காலில் 5 வோல்ட் கொடுத்துவிட்டால், கிரவுண்ட் பக்கம் திருகும்போது ஷார்ட் ஆகிவிடும். எல்இடியின் நீளக் கால் 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக 3-ஆம் பின்னுக்கு, குட்டைக் கால் கிரவுண்டுக்கு.

படி 2: எல்இடியை இப்போதைக்கு மறந்துவிட்டு, அனலாக்ரீட் (ஏ0 பின்னின் வோல்ட்டேஜை எண்ணாகப் படிக்கும் கட்டளை) தரும் எண்ணை சீரியல் மானிட்டரில் பாருங்கள். திருகத் திருக 0 முதல் 1023 வரை போக வேண்டும். பாட்டைத் தொடாமலே எண் கண்டபடி அலைந்தால் நடுக்கால் வயர் சரியாகச் செருகவில்லை. ஒன்றிரண்டு எண் ஆடுவது சகஜம்.

படி 3: எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. படித்த எண்ணை அப்படியே அனலாக்ரைட்டுக்கு (எல்இடியின் வெளிச்ச அளவைப் பின்னுக்கு அனுப்பும் கட்டளை) கொடுத்தால், ஒரு முழுத் திருகலில் எல்இடி நான்கு முறை மெல்லப் பிரகாசமாகி, சட்டென்று அணையும். வயரிங்கில் கோளாறு என்றுதான் தோன்றும். வயரிங் சரிதான். உள்ளே வருவது 10 பிட், அதாவது 1023 வரை. வெளியே போவது 8 பிட், 255 வரைதான். 256 வந்ததும் மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு மறுபடி 0 ஆகிறது. படித்த எண்ணை 4-ஆல் வகுத்துக் கொடுங்கள், முடிந்தது. பலர் மேப் கட்டளையை (ஒரு எண் வரம்பை இன்னொன்றாக மாற்றுவது) சொல்வார்கள். இந்த வேலைக்கு எனக்கு வகுத்தலே பிடிக்கும். என்ன நடக்கிறது என்று பார்த்ததும் புரியும்.

இப்போதும் பாதித் திருகலிலேயே முழு வெளிச்சம் வந்துவிட்டது போல இருக்கும். கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. படித்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 4104-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏற்றம் சீராகத் தெரியும். எண்ணை வைக்கும் மாறி, பெரிய எண்களைத் தாங்கும் லாங் வகையாக இருக்கட்டும். ஊனோவில் வழக்கமான இன்ட் வகை 32767-ஐத் தாண்டாது, 182-ஐ வர்க்கப்படுத்தினாலே வழிந்துவிடும்.

பின்சேர்க்கை: “பாதி வரை எரியவே இல்லை, அப்புறம் பட்டென்று முழுசாக எரிகிறது” என்று ஒருவர் கேட்டிருந்தார். எல்இடியை 13-ஆம் பின்னில் வைத்திருந்தார். ஊனோவில் பிடபிள்யூஎம் (வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உள்ளவை 3, 5, 6, 9, 10, 11 மட்டுமே. மற்ற பின்களில் 128-க்குக் கீழே என்றால் அணைவு, அதற்கு மேல் எரிவு, அவ்வளவுதான்.