உங்கள் தெருவில் ஒரு மாலை வகுப்பு தொடங்க

குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் தறிச் சத்தம் ஓயாது. அப்பா ஷிப்டில் இருப்பார், அம்மா தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் தெருவில் சுற்றுவார்கள். 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு நானும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, தினம் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள். அது இப்போது எங்கள் மொட்டை மாடியில் சொந்த வகுப்பாக நடக்கிறது. “எங்க தெருவுலயும் ஆரம்பிக்கணுங்க, என்ன பண்றது?” என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். நான் கோயில் மண்டபத்தில்தான் தொடங்கினேன். ஃபேன், லைட், தண்ணீர் எல்லாம் இருந்தன. ஆனால் பின் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் படிக்கட்டோடு நின்றுவிட்டார்கள். அவர்களை யாரும் வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் மாடிக்கு மாற்றிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் கால் வைக்கிற இடமா என்று மட்டும் பாருங்கள், ஃபேன் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். பள்ளி வகுப்பறையே கிடைத்தால் ரொம்ப நல்லது. தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது வயிறு. மதியச் சத்துணவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு ஏறாது. ஒரு கிலோ கொண்டைக்கடலையை முந்தின நாள் இரவே ஊறவைத்தால் இருபது பேருக்கு ஆளுக்கொரு கிண்ணம் சுண்டல் வரும். வந்தவுடன் கொடுத்துவிடுங்கள். முடிகிற நேரத்தில் கொடுத்தால் சுண்டலுக்காக மட்டும் வருகிற கூட்டம் சேரும். நான் பட்டிருக்கிறேன்.

இனி நான் செய்த பெரிய தப்பு. முதல் ஆறு மாதம் வீட்டுப்பாடம் முடித்துக்கொடுக்கிற டியூஷனாகத்தான் நடத்தினேன். நோட்டெல்லாம் பளிச்சென்று இருந்தது, பெற்றோருக்கும் சந்தோஷம். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தான். காற்றில் பக்கம் புரண்டது. அவன் நிறுத்தவேயில்லை, பழைய பக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தான். அதே வரிகளை இடம் மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான்.

அதனால் முதல் இரண்டு வாரம் எதையும் நடத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, எதுவரை வாசிக்கிறது என்று பாருங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற தன் அசர் கணக்கெடுப்பில் செய்வதும் இதுதான்: எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, ஒரு சின்னக் கதை. எங்கே திக்குகிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். என் வகுப்பில் குழுப் பிரிப்பதும் இப்படித்தான், எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை. ஆனால் பெரிய பையனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் மறுநாள் வரமாட்டான். அவனை அவர்களுக்கு ‘சொல்லிக்கொடுக்கிற அண்ணன்’ ஆக்கிவிடுங்கள். சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அவனும் படித்துவிடுவான்.

தமிழில் பிள்ளைகள் அதிகம் தடுக்கிவிழுவது கொம்பில்தான். ‘கொடி’ என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். ஆனால் வாயில் முதலில் வரவேண்டியது க் என்ற ஒலி. பிள்ளை ‘கெ’ என்று தொடங்கி, தனியாக நிற்கிற காலைப் பார்த்து விழிக்கும். நான் மூன்று அட்டை வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்றில் க, ஒன்றில் கொம்பு, ஒன்றில் கால். க மட்டும் வைத்து வாசிக்கச் சொல்வேன். கொம்பைச் சேர்த்தால் கெ, காலையும் சேர்த்தால் கொ. கொம்பை எடுத்துவிட்டால் கா. பிள்ளைகளே கையால் நகர்த்த வேண்டும். க அட்டைக்குப் பதில் ப, ம, த என்று மாற்றிக்கொண்டே போகலாம். பத்து நாளில் பிடிபட்டுவிடுகிறது. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதைவிட இது மேல்.

கணக்கில் இடிக்கிற இடம் 402 − 178. நடுவில் பூஜ்யம் இருக்கிறது, கடன் யாரிடம் வாங்குவது? விளையாட்டு நோட்டு வெட்டிக் கொடுங்கள். கையில் நான்கு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் இருக்கிறது. கடைக்காரருக்கு 178 கொடுக்க வேண்டும். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்று, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கு. இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு காசு. மீதி 224. மளிகைக் கடைக்குப் போய்வருகிற பிள்ளைக்கு இது உடனே புரியும்.

எட்டாம் வகுப்பு வந்துவிட்டால் என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வைக் கையில் எடுங்கள். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு முன்கூட்டியே இ-சேவை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் தெருவில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண், சான்றிதழ் வர நாளானதால் விண்ணப்பிக்க முடியாமல் போனது.

பெரிய பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும். அதற்கு வெளியூர் நிபுணர் வேண்டாம். உங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன ஒரு அக்காவோ அண்ணனோ ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்தால் போதும். ஒருவருக்கு மூன்று பிள்ளைக்கு மேல் கொடுக்காதீர்கள், குறைந்தது ஒரு வருடம் வருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். “பத்தோட நிறுத்திர்றேங்க” என்று சொன்ன ஓர் அம்மாவிடம் நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பி.காம் படிக்கிற ஒரு பெண் போய், புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் 1000 ரூபாய் ஏறுகிற தன் பாஸ்புக்கைத் திறந்து காட்டினாள். அவ்வளவுதான், மகள் இப்போது பதினொன்று படிக்கிறாள்.

ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போங்கள். காய்ச்சலாக இருக்கலாம், தார் சுற்ற உட்கார வைத்திருக்கலாம். சண்டை போடாமல், “ஏழு மணிக்கு அனுப்பிர்றேன் அக்கா, அதுக்கப்புறம் உங்களுக்கு ஒத்தாசை பண்ணட்டும்” என்றுதான் பேசுவேன். பாதி நேரம் பலிக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கதவு திறந்தே இருக்கும், பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையோடும் யாரும் தனியாக அடைந்து உட்காரக்கூடாது. பெற்றோரின் கையெழுத்தும் போன் நம்பரும் நோட்டில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு சின்னப் பிள்ளைகளை வீட்டு வாசல்வரை விட்டுவருகிறோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன். பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதில்லை, நன்கொடை கொடுத்தவர் கேட்டாலும்.

விடுமுறையில் வகுப்பை மூடிவிடாதீர்கள். மேயில் மாடித் தரை ஆறு மணிக்கும் கொதிக்கும். நாங்கள் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, ஆறரைக்குப் பாய் விரிக்கிறோம். அந்த ஒரு மாதம் நோட்டு கிடையாது, கதைப் புத்தகமும் பல்லாங்குழியும்தான்.