முளைக்காத விதையைக் கிளறிப் பார்த்தால்

மிளகாய் விதை இரண்டு வாரமாகியும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், கடைக்காரர் பழைய விதையைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் மண்ணைக் கிளறினால் விதை கொழகொழவென்று கிடந்தது. வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி அதைக் கொன்றது நான்தான்.

பச்சைப்பயறை முளைகட்டும்போது நாம் இந்தத் தவறைச் செய்வதில்லை. ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் துணியில் கட்டுகிறோம். தண்ணீரிலேயே கிடந்தால் நாறிவிடும் என்று தெரியும். காய்கறி விதையும் அப்படித்தான். ஊறியதும் மூச்சுவிட ஆரம்பிக்கிறது, அதற்குக் காற்று வேண்டும். ஆனால் அதை மட்டும் டம்ளரில் போட்டு இரண்டு நாள் மறந்துவிடுகிறோம். பாகல், புடலை, சுரை போன்ற தடித்தோல் விதைகளுக்கு 8 முதல் 12 மணி நேரம் ஊறினால் போதும். பீன்ஸை அவ்வளவு நேரம் விட்டால் தோல் வெடித்துப் பருப்பு பிளந்துவிடும். தக்காளி, கீரை விதைகளை ஊறவைக்கவே தேவையில்லை. திருநீற்றுப்பச்சிலை விதைதான் சப்ஜா, அதை நனைத்தால் வழவழப்பாகிக் கையில் ஒட்டிக்கொள்ளும், விதைப்பது கஷ்டம். பாக்கெட்டிலேயே இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும் விதை மருந்து பூசியதாக இருக்கலாம். அதை ஊறவைத்தால் மருந்து கழுவிப்போகும். தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.

டிஷ்யூ பேப்பரில் சுற்றி முளைக்கவைப்பது நல்ல வழிதான், பேப்பரைப் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் இருந்தால். ஆனால் வேர் ஒரு விரல் நீளம் வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெள்ளை முனை 2, 3 மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததுமே மண்ணுக்கு மாற்ற வேண்டும். தாமதமானால் வேர் பேப்பருக்குள் புகுந்துவிடும். இழுத்தால் நுனி முறியும். அப்படி ஆகிவிட்டதா? பேப்பரைக் கிழித்து விதையோடு சேர்த்தே புதைத்துவிடுங்கள். கேரட், முள்ளங்கியை இப்படி முளைக்கவைத்து நடவே வேண்டாம். ஆணிவேர் அடிபட்டால் கிழங்கு இரண்டாகக் கிளைத்துக் கோணிக்கொள்ளும். கொத்தமல்லி மணிக்குள் இரண்டு விதை உண்டு, லேசாகத் தேய்த்து உடைத்து நேரடியாகத் தொட்டியில் தூவினால் போதும்.

நாற்று வளர்க்கச் சின்னச் சின்னக் குழிகளோடு வரும் குழித்தட்டுக்குத் தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். இறுகிப்போகும், பூஞ்சையும் கூடவே வரும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தது நல்லது. நார்க்கழிவுக் கட்டியில் உப்பு இருக்கும் என்பதால், ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். இதில் ஒரு ஏமாற்று உண்டு: மேலே காய்ந்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். விரல் விட்டுப் பார்க்காமல் ஊற்றினால் முளைத்த நாற்றும் தண்டின் அடி கருகிச் சாயும். நாற்றழுகல் என்பது இதுதான். விதையை அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் வைத்தால் சரி.

வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு அடுத்த ஆபத்து வெளிச்சம். தக்காளி, கத்தரி, மிளகாய் இருட்டிலும் முளைக்கும். ஆனால் தலை காட்டிய அன்றே வெளிச்சத்துக்கு வர வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் நூல் மாதிரி நீளும். நாமோ வேகமாக வளருகிறது என்று சந்தோஷப்படுவோம். ஜன்னல் வெளிச்சம் போதாத வீட்டில், வெள்ளை எல்இடி விளக்கை ஒரு சாண் உயரத்தில் தினம் 14 மணி நேரம் எரியவிடலாம். நீண்டுவிட்ட தக்காளி நாற்றைத் தண்டோடு ஆழப் புதைத்துக் காப்பாற்றலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும்.

அப்புறம் அவசரம். தக்காளி ஒரு வாரத்தில் முளைத்துவிடும். மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகலாம், ஏசி அறையில் வைத்தால் இன்னும் தாமதம். 25 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்குப் பிடிக்கும். பழைய பாக்கெட் மீது சந்தேகமா? 10 விதையை ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். ஐந்துதான் முளைத்தால், குழிக்கு இரண்டாகப் போடுங்கள்.