கைதானவரை வெளியே எடுக்க: கலிபோர்னியாவில் பெயில் பாண்டில் கையெழுத்துப் போடும் முன்

வீட்டில் ஒருவர் கைதானதும் எல்லோரும் முதலில் தேடுவது, கட்டணம் வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஜாமீன் உத்தரவாதம் தரும் பெயில் பாண்ட் கம்பெனியைத்தான். உண்மையில் அது மூன்றாவது வேலை. அவர் எந்த ஜெயிலில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. பணமே கட்டாமல் வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. வரிசை மாறினால் சில ஆயிரம் டாலர் வீணாகப் போகும்.

இங்கே சொல்வது கலிபோர்னியா நடைமுறை. மற்ற மாநிலங்களில் கதை வேறு. இல்லினாய்ஸில் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனே கிடையாது. ஓரிகன், விஸ்கான்சின், கென்டக்கி மூன்றிலும் பாண்ட் வியாபாரத்துக்கு இடமில்லை.

ஆளைக் கண்டுபிடிப்பது

சான் ஹோசே, சன்னிவேல் பக்கம் கைதானவர்கள் பெரும்பாலும் சான் ஹோசே மெயின் ஜெயிலுக்கும், ஃப்ரீமாண்ட், டப்ளின் பக்கம் என்றால் சாண்டா ரீட்டா ஜெயிலுக்கும் போவார்கள். கவுண்டி ஷெரிஃப் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாதவர்களுக்கு விசாவில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும். போலீஸ் அதையே முதல் பெயராகப் பதிந்திருக்கலாம். அப்பா பெயர், சொந்தப் பெயர், எஃப்என்யு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கைரேகை, போட்டோ எல்லாம் முடியச் சில மணி நேரம் ஆகும். அதற்கு முன் தளத்தில் பெயர் வராது. கிடைத்ததும் புக்கிங் எண் (ஜெயிலில் பதிந்த எண்), குற்றப் பிரிவு, பெயில் தொகை, கோர்ட் தேதி நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவருக்குக் கைதான மூன்று மணி நேரத்துக்குள் மூன்று போன் பேசும் உரிமை உண்டு. சிறு பிள்ளைகள் தன் பொறுப்பில் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யக் கூடுதலாக இரண்டு. செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் ஒரு நம்பராவது மனப்பாடமாக இருக்க வேண்டும். வக்கீலோடு பேசுவதைத் தவிர ஜெயில் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும், தமிழில் பேசினாலும்தான். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அவரையும் சொல்ல விடாதீர்கள்.

பணம் கட்டத்தான் வேண்டுமா?

சின்னக் குற்றங்களுக்கு, முதல் தடவை குடித்துவிட்டு ஓட்டியது உட்பட, பல நேரம் கோர்ட் தேதி எழுதிய சீட்டைக் கொடுத்துப் போதை தெளிந்ததும் அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஞாயிறும் விடுமுறை நாட்களும் இந்தக் கணக்கில் சேராது. வெள்ளி இரவு கைதானவருக்குச் செவ்வாய் வரைகூட இழுக்கலாம். அன்று நீதிபதி பணம் கேட்காமல் சொந்தப் பொறுப்பில் விடலாம், தொகையைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். ஹம்ஃப்ரி வழக்கில் 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கட்ட வசதி இருக்கிறதா என்பதையும் அவர் பார்த்தாக வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவருக்கு அரசு வக்கீல் கிடைப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் கோர்ட் இலவசமாகத் தரும்.

ஆகவே கேள்வி இதுதான்: இரண்டு மூன்று நாள் உள்ளே இருப்பதைத் தவிர்க்க எவ்வளவு கொடுக்கலாம்? மருந்து சாப்பிடுபவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் என்றால் உடனே கட்டுவதில் நியாயம் இருக்கிறது. திங்கள் காலை மீட்டிங் போய்விடுமே என்பதற்காக மட்டும் என்றால், முதலில் ஒரு கிரிமினல் வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது.

கணக்கு

குடும்ப வன்முறைப் பிரிவு 273.5-க்குப் பல கவுண்டிகளில் பெயில் 50,000 டாலர். முழுத் தொகையையும் நீங்களே கட்டினால், அவர் எல்லா வாய்தாவுக்கும் வந்திருந்தால், வழக்கு எப்படி முடிந்தாலும் பணம் திரும்பும். ரசீது கட்டியவர் பெயரிலேயே இருக்கட்டும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெயரில் இருந்தால் அபராதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள்.

பாண்ட் கம்பெனி வழியாகப் போனால் வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது 5,000 டாலர் கட்டணம். அது திரும்பாது. மறுநாளே நீதிபதி தொகையைப் பாதியாக்கினாலும், வழக்கே பதிவாகாவிட்டாலும் திரும்பாது. வக்கீல் வைத்திருந்தால் சில கம்பெனிகள் எட்டு சதவீதத்துக்கு இறங்கும், கேட்டுப் பாருங்கள்.

ஊரில் இரு நபர் ஜாமீன் என்றால் தெரிந்தவர்கள் வந்து நிற்பார்கள், அதில் வியாபாரம் இல்லை. இங்கே கோர்ட்டுக்கு உத்தரவாதம் தருவது கம்பெனி. கம்பெனிக்கு உத்தரவாதம் தருவது கோ-சைனராகக் கையெழுத்துப் போடும் நீங்கள். ஆள் வரவில்லை என்றால் பிடிவாரண்ட் வரும். தேடிக் கொண்டுவரச் சுமார் 185 நாள் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் 50,000 முழுவதும் உங்கள் தலையில். 'கொஞ்சம் முன்பணம் போதும், மீதி தவணை' என்று சொல்வதும் கடன்தான். தவணை தவறினால் வசூல் ஏஜென்சி தேடுவது கோ-சைனரை. அறைத் தோழனுக்காக, ஆபீஸ் நண்பனுக்காகக் கையெழுத்துக் கேட்டால் இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். மறுப்பதில் தவறில்லை.

ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணை மாநில இன்சூரன்ஸ் துறை தளத்தில் சரிபாருங்கள். ஜெயில் வாசலில் வந்து ஆள் பிடிப்பவரும், 'இந்த வக்கீலிடம் போங்கள்' என்று கைகாட்டுபவரும் விதியை மீறுகிறார்கள், அவர்கள் வேண்டாம். ஒப்பந்தத்தில் கட்டணம், தவணை, அடமானம் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். கார் டைட்டில், வீட்டுப் பத்திரம் எது கொடுத்தாலும் பொருள்வாரியாக ரசீது வாங்குங்கள். கிஃப்ட் கார்டில், கிரிப்டோவில் பெயில் பணம் கேட்டால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம். ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெளியே வந்த பின்

பாண்ட் கட்டிய பிறகும் ஆள் வெளியே வரப் பல மணி நேரம் ஆகும். குடும்ப வன்முறை வழக்கில் அவர் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. போலீஸ் வாங்கிய அவசரப் பாதுகாப்பு உத்தரவு சில நாட்களுக்கு இருக்கும். அதன் பின் நீதிபதி நீண்ட உத்தரவு போடுவார். தொடர்பே கூடாது என்று உத்தரவு இருந்தால், மனைவியே கூப்பிட்டார் என்பது பதிலாகாது. மீண்டும் கைதாவது போனவர்தான். துணிமணி, லேப்டாப் வேண்டுமென்றால் போலீஸ் துணையோடு வேறொருவர் போய் எடுத்து வரலாம். இன்னொன்று: புகாரை வாபஸ் வாங்கினால் முடிந்தது என்ற நம் ஊர் எண்ணம் இங்கே செல்லாது. வழக்கு நடத்துவது மாவட்ட அட்டர்னி என்ற அரசுத் தரப்பு வக்கீல். வாபஸ் வாங்கச் சொல்லி மனைவியை உறவினர்கள் நெருக்கினால், சாட்சியைத் தடுத்ததாக அவர்கள் மேலேயே தனி வழக்கு வரலாம்.

விசாவில் இருப்பவர்கள் கிரிமினல் வக்கீலோடு இமிக்ரேஷன் வக்கீலையும் பார்த்தே ஆக வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்வதுண்டு. அதனால் மட்டும் உடனே நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் வெளியே போனால் புதிய விசா இல்லாமல் திரும்ப முடியாது. பணம் கட்டும் முன் 'ஐஸ் ஹோல்ட்' (ஆளைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி இமிக்ரேஷன் துறை ஜெயிலுக்கு அனுப்பும் கோரிக்கை) இருக்கிறதா என்று ஜெயிலிலும் வக்கீலிடமும் கேளுங்கள். இருந்தால், கவுண்டி ஜெயிலிலிருந்து வெளிவந்தவரை இமிக்ரேஷன் அதிகாரிகள் கொண்டுபோகலாம். அங்கே பாண்ட் தனி, குறைந்தபட்சம் 1,500 டாலர். இந்தியர்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

வழக்கு முடிந்ததும் கொடுத்த அடமானத்தைத் திரும்ப வாங்குங்கள். கோர்ட் கிளார்க்கிடம் சான்றிட்ட தீர்ப்பு நகல் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். தள்ளுபடியான வழக்கானாலும் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்திலும் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் கைதானது உண்டா என்று கேட்பார்கள். அப்போது நீட்ட வேண்டிய காகிதம் அதுதான்.