அம்மோனைட் கல்லுக்குப் பெயர் வைக்கும் முன்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மேசை மேல் போன வாரம் ஒரு கல் வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம், கடாவின் கொம்பு மாதிரி சுருள். அரியலூர்ப் பக்கம் போன பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்தது. "அண்ணே, இது சங்குதானே?" என்றான்.

முதல் தவறு அதுதான். அது அம்மோனைட், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஓட்டு உயிரினத்தின் புதைபடிவம். சங்கை உடைத்தால் உள்ளே தடுப்பில்லாமல் ஒரே வழி சுற்றிப் போகும். அம்மோனைட்டின் உட்புறம் அறை அறையாகப் பிரிந்திருக்கும். அதற்குச் சங்கைவிடக் கணவாய்தான் நெருங்கிய சொந்தம். காசிமேட்டில் கணவாய் வெட்டும்போது எடுத்துப் போடும் வெள்ளை ஓடு இருக்கிறதே, கடல்நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பார்கள், அதை ஒடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக, சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து நிற்பது தெரியும்.

அடுத்த தவறுதான் பெரியது. ஓட்டின் மேல் புடைத்து நிற்கும் மேடுகளை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிடுகிறோம். மேடுகள் ஓட்டின் அலங்காரம். சம்பந்தமே இல்லாத இரண்டு இனங்களிலும் அவை ஒரே மாதிரி வரலாம். இனத்தைப் பிரிக்க மிகவும் உதவுவது தையல் கோடு, அதாவது உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் ஓட்டின் உட்பக்கத்தைத் தொடும் கோடு. ஓடு உதிர்ந்து, உள்ளே இறுகிய மண் வெளியே தெரியும் இடத்தில்தான் அது கண்ணில் படும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். அந்தக் கல்லில் அப்படிப் பிடித்தபோது, பெரணி இலையின் ஓரம் போல நுணுக்கமாக வெட்டுப்பட்ட கோடு ஒன்று எழும்பி வந்தது. பையன் வாயடைத்துப் போனான்.

கோடு பெரணி போல இல்லாமல் இலேசாக வளைந்து மட்டும் போனால், அதே போல அறைகள் கொண்ட சுருள் ஓட்டுக் கடலுயிரான நாட்டிலஸாக இருக்கலாம். அரியலூர்ப் பாறைகளில் அதுவும் உண்டு. ஆனால் அவசரப்படாதீர்கள். நன்றாகத் தேய்ந்த கல்லில் நுணுக்கமெல்லாம் அழிந்து அம்மோனைட்டின் கோடும் எளிமையாகத் தெரியும். அப்போது அறைகளை இணைக்கும் குழாயைத் தேடுங்கள். நாட்டிலஸில் அது சுவரின் நடுவாக்கில் போகும். கிரெட்டேசியஸ், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டத்து அம்மோனைட்டில் சுருளின் வெளி ஓரத்தை ஒட்டிப் போகும். அப்புறம், கடைசிச் சுற்றில் கோடே இல்லை என்று குழம்ப வேண்டாம். அது உயிரினம் குடியிருந்த அறை, அங்கே தடுப்புச் சுவர் கிடையாது.

சுருளாக இருந்தால்தான் அம்மோனைட் என்பதும் சரியில்லை. பாக்குலைட்டஸ் குச்சி மாதிரி நீளமாக இருக்கும், டரிலைட்டஸ் கோபுர நத்தை மாதிரி ஏறும். எலும்பு, நத்தை என்று நினைத்து இவற்றை வீசிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் அவை என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள்.

பெரிது ஓர் இனம், சிறிது வேறு இனம் என்று பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமே அளவில் பெரிதும் மாறுபடும். குட்டியில் இருக்கும் மேடுகள் வளர்ந்த பின் மறைந்தும் போகும்.

பழைய பட்டியலை வைத்துப் பெயர் தேடுகிறவர்களுக்கு ஒன்று: 1860களில் ஸ்டோலிச்கா என்ற புதைபடிவ ஆய்வாளர் நம் பகுதிப் புதைபடிவங்களை விவரித்தபோது பலவற்றுக்கு அம்மோனைட்டஸ் என்றே பேரினப் பெயர் கொடுத்தார். இன்று அவை பல பேரினங்களாகப் பிரிந்துவிட்டன.

தயவுசெய்து ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். சுண்ணாம்பு ஓடு நுரைத்துக் கரைந்துவிடும், தையல் கோடும் அதோடு போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஈரமில்லாமல் மெதுவாகத் தட்டினாலே போதும்.

எனக்கு மனசு ஆறாதது ஒன்றுதான், எடுத்த இடத்தை எழுதாமல் விடுவது. அரியலூர்ப் பகுதிப் பாறைகள் கீழிருந்து மேலாக உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அடுக்கியிருக்கின்றன. மான்டெல்லிசெரஸ் என்ற அம்மோனைட் வகை என்றால் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய உத்தத்தூர் அடுக்கில்தான் தேட வேண்டும். எந்த அடுக்கு என்று தெரிந்தாலே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும். பையனிடம் எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். "பஸ் நின்ன இடத்துல" என்றான். எந்த ஊர் என்று அவனுக்கு நினைவில்லை. ஒரு துண்டுத் தாளில் "அம்மோனைட், இடம் தெரியவில்லை" என்று எழுதிக் கல்லோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.