நினைவு மரத்தில் ஒரு மூடிச் சிமிழ் கடைவது எப்படி?

விழுந்த மரத்தின் நினைவாக எடுத்து வைத்த கட்டையை இன்றைக்கே லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) மாட்டிவிடாதீர்கள். தாத்தா நட்ட மரமோ, நீங்கள் ஊஞ்சல் கட்டி ஆடிய மரமோ, விழுந்தாயிற்று. கடையில் வாங்கிய கட்டை கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கலாம், இதற்கு மாற்று கிடையாது. அதனால் இதில் கடைவதைவிடக் காத்திருக்கிற வேலைதான் அதிகம்.

1. கட்டையைக் காப்பாற்றுங்கள்

பச்சை மரம் வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாகக் காயும். முனை சுருங்கி, நடுப்பகுதி ஈரமாகவே இருந்தால் விரிசல் விழும். எனவே அறுத்த அன்றே இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகையோ மிச்சம் கிடக்கும் பெயின்ட்டையோ கெட்டியாகப் பூசுங்கள். முதல் தடவை நான் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டேன். ஒரே வாரத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மூன்று வெடிப்பு. ஒன்றில் விரல் நகமே நுழைந்தது.

உருண்டைக் கிளையை அப்படியே காய வைக்கவும் கூடாது. வளையங்களின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. முழு உருண்டையால் இந்த இழுபறியைத் தாங்க முடியாது, எங்காவது பிளந்துகொள்ளும். நெடுக்காகப் பிளந்து, நடுத்தண்டை நீக்கிவிட்டு, சதுரக் கட்டைகளாக அறுத்து வையுங்கள். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்.

1 அங்குலக் கனம் காய ஓராண்டு என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுக்க முடியாதென்றால், ஈரமாக இருக்கும்போதே மூடியையும் உடலையும் தோராயமாகக் கடைந்து, உள்ளே குடைந்து, சுவரை 10 முதல் 12 மி.மீ. கனமாக விட்டு, அதன் சீவலோடேயே காகிதப் பையில் போட்டு வைக்கலாம். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைப் பையின் மேல் எழுதுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் தயார்.

இந்த இடைவெளியில் சும்மா இருக்காதீர்கள். வேண்டாத மரத்தில் இதே அளவில் மூன்று சிமிழாவது கடைந்து பாருங்கள். மூடி பொருத்துவது கைப்பழக்கம், படித்து வராது.

2. உருளையாக்குதல்

75 மி.மீ. சதுரம், 130 மி.மீ. நீளம் உள்ள கட்டை முதல் சிமிழுக்குப் போதும். மர இழை லேத்தின் அச்சோடு நெடுக்காக ஓட வேண்டும். முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்புக் கவசமும் தூசி மாஸ்க்கும் கட்டாயம். கையுறை, தொங்கும் சட்டைக் கை, விரித்த கூந்தல் எதுவும் வேண்டாம். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டை நகர்த்துவதென்றால் லேத்தை நிறுத்திவிட்டு நகர்த்துங்கள். ஓட்டுவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள்.

நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் தொடங்கி, உருண்டையானதும் 1,500 வரை கூட்டலாம். இரண்டு முனையிலும் சக் (கட்டையைக் கவ்விச் சுழற்றும் பகுதி) பிடிப்பதற்கு ஒரு குட்டைக் கழுத்து கடைந்துகொள்ளுங்கள்.

3. மூடியைப் பிரித்தல்

மூன்றில் ஒரு பங்கு மூடி, மீதி உடல். இந்த அளவு என் கண்ணுக்குப் பிடித்தது, உங்கள் விருப்பம் வேறாக இருக்கலாம். வெட்டுவதற்கு முன், வெட்டப்போகும் இடத்தின் குறுக்கே நெடுக்காக ஒரு பென்சில் கோடு போடுங்கள். இழை மறுபடி நேராகச் சேர அதுதான் அடையாளம். இருப்பதில் மெல்லிய பார்ட்டிங் டூலை (அறுத்துப் பிரிக்கும் உளி) எடுங்கள். அது தின்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் மரத்தின் இழைக் கோலத்தில் விழும் இடைவெளி.

4. மூடி முதலில், உடல் அப்புறம்

மூடியைச் சக்கில் பிடித்து உள்ளே குடையுங்கள். நெடுக்கு இழையில் உளியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்தினால் சுத்தமாகச் சீவும். எதிர்த்திசையில் போனால் நார் பிய்ந்துகொண்டு வரும். உடலின் கழுத்து வந்து உட்காரும் மூடியின் உள் உதடு மட்டும், 5 மி.மீ. ஆழத்துக்கு, சாய்வே இல்லாமல் நேராக இருக்க வேண்டும். விட்டம் அளக்கும் காலிபரை உள்ளே விட்டு வாயிலும் அடியிலும் அளந்து பாருங்கள்.

உடலில் முதலில் டிரில் பிட்டால் நடுவில் துளையிடுங்கள். எவ்வளவு ஆழம் என்று பிட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் அடி ஓட்டையாகாது. குடைந்ததும் மரத்தின் வடிவம் சற்றே மாறும் என்பதால், பொருத்தம் பார்ப்பதைக் குடைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொருத்தம். உடலின் வாயில் மூடியின் உள்வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேலே மட்டும் லேசாகச் சரியும்படி ஒரு கழுத்து கடையுங்கள். லேத் மெதுவாக ஓடும்போது மூடியை அதன்மேல் நேராக வைத்து மெல்ல அழுத்தி எடுத்தால், கழுத்தில் பளபளவென்று ஒரு கோடு தெரியும். உங்களுக்கு வேண்டிய விட்டம் சரியாக அதுதான். அந்தக் கோடு வரை இறக்கி, ஒவ்வொரு சீவலுக்கும் லேத்தை நிறுத்தி மூடியைப் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு சீவல் கூடிப்போனால் மூடி தொளதொளத்துவிடும், திரும்பப் பெற முடியாது.

5. வெளி வடிவமும் மெருகும்

இப்போதைக்கு மூடி இறுக்கமாகவே இருக்கட்டும். பென்சில் கோட்டைச் சேர்த்து மாட்டி, டெயில்ஸ்டாக்கால் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) முட்டுக்கொடுத்து, மூடியையும் உடலையும் ஒரே பொருளாக வெளியே கடையுங்கள். உப்புத்தாள் 120இல் தொடங்கி 400 வரை படிப்படியாகப் போங்கள். மூடித் தலையில் உள்ள கழுத்தைச் சீவி எடுத்த பிறகு, மூடி உட்காரும் உடலின் கழுத்தை உப்புத்தாளால் இரண்டே தேய்ப்பு. மூடி ஒரு கையால் வரும்.

வெளியே எண்ணெயோ மெழுகோ பூசலாம். உள்ளே எண்ணெய் வேண்டாம், மூடியிருக்கும் சிமிழில் அந்த வாடை மாதக்கணக்கில் நிற்கும். ஷெல்லாக் (அரக்கு மெருகு) போதும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காய விடுங்கள்.

6. அடிப்பாகம்

உடலை அறுத்தெடுத்து, அதன் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி மிச்சக் கட்டையில் கடைந்த முட்டில் தலைகீழாகச் செருகி, அடியை உள்நோக்கிச் சற்றே குழிவாகச் சீவுங்கள். அப்போதுதான் ஆடாமல் நிற்கும். மரத்தின் பெயரும் அது விழுந்த ஆண்டும் எழுத அங்கேயே இடம் கிடைக்கும்.

ஈரக்காற்று வீசும் நாட்களில் மூடி பிடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடாதீர்கள். இரண்டு பாகமும் ஒரே கட்டை என்பதால் ஒரே பக்கமாகத்தான் நீள்வட்டமாகும். மூடியின் இழையும் உடலின் இழையும் நேர்க்கோட்டில் சேரும் வரை மெல்லத் திருப்புங்கள், என் சிமிழ் அப்போதுதான் திறக்கும்.